பிரமாதம்

1968-ஆம் வருஷம், சித்திரை முடியும் சமயம். மவுண்ட் ரோட்டில் நான் வேலை பார்த்த துப்பாக்கிக் கடைக்கு ஆனைமலைப் பக்கத்து எஸ்டேட் அதிகாரி ஒருவர் வந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவர். லைசென்ஸ் புத்தகத்தைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு, "தம்பி, த்ரீ செவன்டி ஃபைவுக்கு சாலிட் பத்து வேணும், முந்நூறு கிரெயின்" என்றார்.

அலமாரியைத் திறக்காமலே எனக்குத் தெரியும், சாலிட் இல்லை. 1966-இல் ரூபாயின் மதிப்பைக் குறைத்த பிறகு சீமைத் தோட்டாவின் விலை எகிறிவிட்டது. இறக்குமதிக்கு அனுமதி கிடைப்பதும் குதிரைக்கொம்பு. எங்களிடம் மிச்சமிருந்தவை சிவப்பும் மஞ்சளுமான கினாக் பெட்டிகளில் 270 கிரெயின் சாஃப்ட் நோஸ் மட்டும்.

"எதுக்கு சார்?"

"காட்டுமாடு. ஒத்தைக் காளை."

"சாஃப்ட் நோஸ் இருக்கு சார். காட்டுமாட்டுக்கு அதுவே போதும். பிரமாதமா வேலை செய்யும்."

அவர் ஒரு தோட்டாவை எடுத்து அதன் ஈய நுனியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "சரி, குடு" என்றார். ரிஜிஸ்டரில் தேதி, லைசென்ஸ் எண், எண்ணிக்கை பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு அப்போது வயது 23. கடையில் சேர்ந்து நான்கு வருஷம். உயிரோடு ஒரு காட்டுமாட்டை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

துப்பாக்கி பழகாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தோட்டா என்பது முழுப்பொருள்: பித்தளை உறை, அதற்குள் மருந்து, அடியில் கேப், நுனியில் குண்டு. காட்டுக்குள் பறந்து போய் வேலை செய்வது அந்த நுனிக் குண்டு மட்டும்தான். கிரெயின் என்பது அதன் எடைக் கணக்கு. 300 கிரெயின் என்றால் பத்தொன்பதரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி 1912-இல் கொண்டுவந்த .375 ரைஃபிளுக்கு 235, 270, 300 என்று மூன்று எடைகளில் குண்டு வரும். ஆபத்தான பெரிய மிருகங்களை வேட்டையாட இதைவிடச் சிறிய ரைஃபிள் கூடாது என்று இன்றைக்கும் பல ஆப்பிரிக்க நாடுகளில் விதி உண்டு.

எடையைவிட முக்கியமானது குண்டின் அமைப்பு. சாஃப்ட் நோஸில் ஈயத்தைச் சுற்றி உலோக உறை இருக்கும், நுனியில் மட்டும் ஈயம் வெளியே தெரியும். சதையில் பட்டவுடன் அந்த நுனி மடங்கிக் காளான் குடை மாதிரி விரியும். விரிந்த குண்டு அகலமாகக் கிழிக்கும், ஆனால் ஆழமாகப் போகாது. புலி, சிறுத்தை, மான் இவற்றுக்கு அதுதான் ஏற்றது. சாலிட் என்பதில் எஃகு உறை நுனியையும் சேர்த்து மூடியிருக்கும், மூக்கு மழுங்கலாக உருண்டிருக்கும். எலும்பில் மோதினாலும் உருக்குலையாமல் நேராகத் துளைத்துப் போகும். யானைக்கு அது இல்லாமல் தீராது. யானையின் மண்டையோடு தேன்கூடு மாதிரி காற்றறைகள் நிறைந்தது, மூளையோ அதற்குப் பின்னால் வெகு உள்ளே இருக்கிறது. சாஃப்ட் நோஸ் பாதி வழியிலேயே தன் பலத்தைச் செலவழித்துவிடும். அதற்காக எல்லா மிருகத்துக்கும் சாலிட் போடலாமா என்றால் அதுவும் கூடாது. மெல்லிய தோல் உள்ள மிருகத்தைச் சிறு துளையோடு கடந்துபோய்ப் பின்னால் நிற்கும் இன்னொன்றைத் தைக்கும். முன்னது காயத்தோடு நாலு மைல் ஓடி எங்கோ ஒரு புதரில் சாகும்.

காட்டுமாடு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மிருகம், சிக்கலும் அங்கேதான். நல்ல காளை ஆயிரம் கிலோ வரை இருக்கும், தோள் உயரம் ஆறடி வரும். முதுகில் மேடாகத் தெரிவது முதுகெலும்பு முட்களின் நீட்சி, அங்கே உயிர்நிலை கிடையாது. இதயம் வெகு கீழே, முன்னங்கால்களுக்கு நடுவே. பக்கவாட்டில் விலா தெரிய நின்றால் சாஃப்ட் நோஸ் போதும். எதிரே சாய்வாக நின்றால் குண்டு தோள் எலும்பை உடைத்துக்கொண்டுதான் நெஞ்சுக்குப் போக வேண்டும், அங்கே சாலிட் வேண்டும். டபுள் பேரல் வைத்திருந்த பழைய வேட்டைக்காரர்கள் வலது குழலில் சாஃப்ட், இடது குழலில் சாலிட் என்று போட்டுக்கொள்வதும் இதற்காகத்தான். மிருகம் எப்படி நிற்கும் என்று கடைக் கவுண்டரில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். கடைக்கு வந்த துரைமார்களும் ஜமீன்தார்களும் மணிக்கணக்காகப் பேசிக் கேட்டிருக்கிறேன். தெரிந்துகொண்டேதான் "அதுவே போதும்" என்றேன்.

ஆனி மாதம் அவர் மறுபடி வந்தார். தோட்டா வாங்க வரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கவுண்டரில் பிரித்தார். உள்ளே நசுங்கிய ஈயக்கட்டி ஒன்று. ஒரு பக்கம் மட்டும் விரிந்து, உறை கிழிந்து சுருண்டிருந்தது.

காளை அறுபது கஜ தூரத்தில் எதிரே சாய்வாக நின்றிருக்கிறது. அவர் குறி தப்பவில்லை. குண்டு தோளில் பட்டு, காளை முழங்காலில் விழுந்து, எழுந்து உண்ணிச்செடிப் புதருக்குள் போய்விட்டது. இரண்டு நாள் மலையாள் ஒருவரோடு ரத்தத் தடம் பார்த்துத் தொடர்ந்திருக்கிறார். மழை பெய்து தடம் அழிந்துவிட்டது. ஐந்தாம் நாள் விறகு பொறுக்கப் போன ஒரு பெண்ணை அந்தக் காளை புதரிலிருந்து வந்து குத்திக் கொன்றது. அதன்பிறகு பக்கத்து எஸ்டேட்டில் இரண்டு சாலிட் தோட்டா கடன் வாங்கிக்கொண்டு போய்த் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். ஒரே சாலிட் போதுமானதாக இருந்தது. பழைய குண்டைத் தோள் எலும்பிலிருந்து தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

மருந்து நிறுக்கும் சின்னத் தராசு கடையில் உண்டு. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே அந்தக் கட்டியை அதில் வைத்தேன். 270 கிரெயினில் 140 மிச்சம். ஒன்பது கிராம், ஒரு சவரனைவிட ஒரு கிராம் கூட. மற்றதெல்லாம் துகளாக அந்த மிருகத்தின் சதைக்குள் ஐந்து நாளுக்கு மேல் இருந்திருக்கிறது.

"தப்பு என்னுது தம்பி" என்றார். "பக்கத்து எஸ்டேட்ல முன்னாடியே கேட்டிருக்கணும், இல்ல காத்திருந்திருக்கணும். அது என் கணக்கு. ஆனா நீ அன்னிக்கு எதை வெச்சு அப்படிச் சொன்னே?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் அந்தக் கட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

நாங்கள் தமிழ்ச் சமணர்கள். வந்தவாசிப் பக்கத்துக் கிராமம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடும் வீடு. அந்த வீட்டுப் பையன் துப்பாக்கிக் கடையில் வேலைக்குப் போனதற்கு வறுமை தவிர வேறு காரணம் இல்லை. "கணக்கு எழுதற வேலைதாம்பா" என்று சொல்லித்தான் போனேன், ஆறு மாதத்தில் கவுண்டருக்கு வந்துவிட்டேன். அப்பா அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அந்த ஆனி மாதக் கடைசியில் ஊருக்குப் போனபோது, பொன்னூர் மலையடிவாரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சமண ஆசாரியர் குந்தகுந்தர் தவம் செய்த மலை என்று நாங்கள் வணங்கும் இடம். மேலே அவருடைய பாதங்கள் இருக்கின்றன. திருக்குறளையே அவர்தான் இயற்றினார் என்பது எங்கள் மரபில் உள்ள நம்பிக்கை.

நான் எதிர்பார்த்தது ஒரே வசை: கொலைக்கு உடந்தையானாய். எங்கள் நூல்கள் செய்வது, செய்விப்பது, உடன்படுவது மூன்றையும் ஒரே தராசில்தான் வைக்கின்றன. மனம், சொல், உடல் எதனால் ஆனாலும் கணக்கு உண்டு. ஆனால் அப்பா வேறு இடத்தில் தொட்டார்.

"நீ அவருகிட்ட சொன்ன சொல்லை அப்படியே சொல்லு" என்றார்.

சொன்னேன்.

"பிரமாதமா வேலை செய்யும்னா சொன்னே?" என்று திருப்பிக் கேட்டவர், சற்று நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தச் சொல்லுக்கு நம்ம நூல்ல என்ன அர்த்தம்னு தெரியுமாடா?" என்றார்.

எனக்குத் தெரியாது. கச்சேரி பிரமாதம், சாப்பாடு பிரமாதம் என்று நாம் புழங்கும் அந்தச் சொல்லுக்கு மூலப்பொருள் வேறு: விழிப்பின்மை, அசட்டை, கவனக்குறைவு. தமிழ் அகராதியிலும் தவறு என்ற பொருள் அதற்கு உண்டு. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது, வெறுமனே உயிரைப் போக்குவது ஹிம்சை என்று சொல்லவில்லை. பிரமாதத்தோடு கூடி உயிரைப் பிரிப்பதுதான் ஹிம்சை என்றார். பின்னால் வந்த அமிர்தசந்திரர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். விழிப்போடு நடந்தவனின் காலடியில் தற்செயலாக ஓர் உயிர் போனால் அவனுக்கு ஹிம்சை இல்லை. விழிப்பில்லாமல் நடந்தவனுக்கு உயிர் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, ஹிம்சை நடந்து முடிந்துவிட்டது.

அந்தக் கணக்குப்படி பார்த்தால் என் பங்கு ஆனைமலையில் நடக்கவே இல்லை. மவுண்ட் ரோட்டில், பட்டப்பகலில், மின்விசிறிக்குக் கீழே, துப்பாக்கியில் தோட்டா ஏறும் முன்பே நடந்து முடிந்திருந்தது. காளை அன்றைக்குப் பக்கவாட்டில் நின்று, சாஃப்ட் நோஸ் விலாவில் பாய்ந்து, அது நின்ற இடத்திலேயே விழுந்திருந்தாலும் என் பங்கு அதேதான். அந்தப் பெண் உயிரோடு வீடு திரும்பியிருந்தாலும் அதேதான். அப்படியானால் நான் அதைத் தெரிந்துகொண்டிருக்கவே மாட்டேன் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

தெரிந்துகொள்ளாமலே போனவர்கள்தான் அதிகம். வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் 1907-இல் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றது என்பது அவர் தரும் கணக்கு. அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டில் மேல்பல் பாதியாகவும் கீழ்ப்பல் எலும்பு வரைக்கும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதரைத் தேடி வந்தது என்று அவர் எழுதினார். அந்தக் குண்டைச் சுட்டவர் யார் என்று எவருக்கும் தெரியாது. தப்பிவிட்டது, போகட்டும் என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். அவருக்குத் தோட்டா விற்றவன் ஒருவனும் இருந்திருப்பான்.

முயலை வீழ்த்திய அம்பைவிட யானைமேல் எறிந்து குறிதவறிய வேலுக்கே பெருமை தருகிற குறள் ஒன்று படைச்செருக்கு அதிகாரத்தில் இருக்கிறது. பள்ளியில் அதை வீரத்துக்கு உதாரணமாகப் படித்தோம். அப்பாவே எத்தனையோ வகுப்பில் நடத்தியிருக்கிறார். தவறிய வேலைப் பற்றிச் சொன்னவர், தைத்தும் கொல்லாமல் யானையின் உடம்போடு காட்டுக்குள் போய்விட்ட வேலைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று அன்று கேட்டேன். "போர்க்களத்துல நின்னு பேசற குறள் அது" என்றார் அப்பா. "களத்துல தைச்ச வேலைப் பிடுங்க ஆள் உண்டு. காட்டுல யாரு பிடுங்குவா?"

அந்தப் பதிலின் அருமை எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் என்று ஓர் ஊர் இருக்கிறது, இப்போது அங்கே விமான நிலையம். 1890-களில் அங்கிருந்த ஆயுதத் தொழிற்சாலையில், உடம்புக்குள் போனதும் விரிகிற குண்டை ஆங்கிலேயர்கள் செய்தார்கள். எல்லைப்புற மலைவாசிகள் சாதாரணக் குண்டுபட்டும் நிற்காமல் ஓடி வந்தார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். பல நாடுகள் எதிர்த்தன. 1899-இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு, போரில் இப்படி விரியும் குண்டைப் பயன்படுத்தக் கூடாது என்று பிரகடனம் செய்தது. முதலில் ஒப்புக்கொள்ளாத பிரிட்டனும் 1907-இல் ஏற்றுக்கொண்டது. அதே பிரிட்டனில், இங்கிலாந்தின் 1991-ஆம் வருஷத்து மான் சட்டம் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: மானைச் சுட வேண்டுமானால் விரியும் குண்டால்தான் சுட வேண்டும், விரியாத குண்டால் சுடுவது குற்றம்.

முதலில் படித்தபோது எனக்கு இது மனிதனுக்கு ஒரு நீதி, மிருகத்துக்கு ஒரு நீதி என்றே பட்டது. யோசித்துப் பார்த்தால் இரண்டு சட்டமும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன: தைத்ததைப் பிடுங்க ஆள் உண்டா? காயம்பட்ட சிப்பாயைத் தூக்கிப்போக ஒரு டோலி வரும், ஆஸ்பத்திரி உண்டு, ஊரில் தாய் உண்டு. அவனைச் சண்டையிலிருந்து விலக்கினால் போதும், அதற்குமேல் கிழிப்பது குரூரம். காயம்பட்ட மானுக்கு யாரும் வரப்போவதில்லை. அதைச் சுடுவதென்று ஆனபிறகு, அந்த இடத்திலேயே முடிக்காமல் விடுவதுதான் குரூரம். ஆக, ஒரு குண்டு தன்னளவில் இரக்கமுள்ளதும் இல்லை, இரக்கமற்றதும் இல்லை. யார்மேல், எதற்காக, எந்த எலும்பின் வழியாக என்று பார்த்துத் தேர்கிறவனின் விழிப்பில்தான் எல்லாம் இருக்கிறது. பெட்டிமேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்து விற்ற எனக்கு அந்த விழிப்பு இல்லாமல் போயிற்று.

இங்கே ஒரு படுகுழி இருக்கிறது, நானும் சில காலம் அதில் விழுந்து கிடந்தேன். விழிப்போடு கொன்றால் ஹிம்சை இல்லை என்றாகிவிடாதா? சரியான குண்டை, சரியான இடத்தில், சரியான கோணத்தில் செலுத்துகிறவனுக்குப் பாவமே இல்லையா? அந்த வருஷமே கடையில் என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். என்ன மிருகம், என்ன ரைஃபிள் என்று துருவித் துருவிக் கேட்பேன். பொருந்தாத தோட்டாவை விற்க மாட்டேன். முதலாளிக்கு மனஸ்தாபம்தான், ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிறைவு இருந்தது. அடுத்த தடவை ஊருக்குப் போனபோது அப்பாவிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். கூடவே, கடையில் ஒருவர் படித்துவிட்டுக் கொடுத்த இரண்டு பேரின் கதையையும் சொன்னேன்.

ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ.டி.எம். பெல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். மற்றவர்கள் முப்பது கிராம் குண்டு போடும் பெரிய ரைஃபிள்களைச் சுமந்தபோது, இவர் .275 ரைஃபிளில் 173 கிரெயின் சாலிட், அதாவது பதினொரு கிராம் குண்டு, அதைக்கொண்டே பெரும்பாலானவற்றைச் சாய்த்தார். யானையின் மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்துக்கொண்டவர். அவர் சுட்ட யானை பெரும்பாலும் வலி உணரும் முன்பே விழுந்தது.

இன்னொருவர் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல். பர்மாவில் மௌல்மேனில் போலீஸ் அதிகாரியாக இருந்த அனுபவத்தை வைத்து 1936-இல் அவர் எழுதிய கட்டுரையில் வருகிற கதை. மதம் பிடித்து ஓர் ஆளைக் கொன்ற யானை, அவர் போய்ச் சேர்ந்தபோது அமைதியாகப் புல் தின்றுகொண்டிருக்கிறது. சுட அவருக்கு மனமில்லை. பின்னால் கூடி நின்ற ஆயிரக்கணக்கான ஜனங்கள் எதிர்பார்க்கிறார்கள். சுடுகிறார். காதுத் துளைக்கு நேராகக் குறிவைக்க வேண்டியவர் சில அங்குலம் முன்னால் வைத்துவிட்டார், மூளை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அந்த யானை சாக அரை மணி நேரம் ஆயிற்று. அதைப் பார்த்து நிற்க முடியாமல் அவர் போய்விட்டார்.

"ரெண்டு பேர்ல யாருக்குப்பா பாவம் அதிகம்?" என்று கேட்டேன். ஆர்வெலுக்கு என்று அப்பா சொல்வார், நான் பெல்லின் பக்கம் நிற்கலாம் என்பது என் ஆசை.

அப்பா பிரமாதம் என்றால் என்ன என்று மறுபடி தொடங்கினார். அது வெறும் கைத்தவறு இல்லை. நூல்கள் அதைப் பதினைந்தாகப் பிரிக்கின்றன. வீண்பேச்சு நான்கு வகை. சினம், செருக்கு, வஞ்சனை, உலோபம் என்று மனத்தைக் கறைப்படுத்தும் கஷாயங்கள் நான்கு. புலன்கள் ஐந்து. உறக்கம் ஒன்று, பற்று ஒன்று. "பெல்லுக்குக் கை விழிச்சிருந்தது. தந்தத்து மேல ஆசை இருந்ததே, அது உறக்கம்தானே? ஆயிரம் யானை விழற வரைக்கும் ஒருத்தன் முழிச்சிருந்தான்னு எப்படிச் சொல்றது? அந்தப் போலீஸ்காரர் ஜனங்க சிரிப்பாங்களேன்னு சுட்டார். அது செருக்கு." என்னைப் பற்றி அவர் சொல்லவில்லை. நானே எண்ணிப் பார்த்துக்கொண்டேன். கடைச் சரக்கு நகர வேண்டும் என்பது உலோபம். மிருகம் எப்படி நிற்கும் என்று தெரியாமலே தெரிந்தமாதிரி பேசியது வீண்பேச்சு. பதினைந்தில் இரண்டு.

அப்பாவோடு நான் ஒத்துப்போகாத இடமும் உண்டு. எந்தக் குண்டானால் என்ன, கொலை கொலைதான் என்பது எங்கள் சாதிசனத்தில் பலர் பேச்சு, முடிவில் அப்பாவின் எண்ணமும் அதுதான். கவனமாக விற்றாலும் அது செய்விப்பதுதான், கடையை விட்டு வா என்றார். அவர் சொன்னது சரி, 1971-இல் விட்டுவிட்டேன். ஆனால் கொலை கொலைதான் என்று சொல்லி அதோடு நின்றுவிடுகிறவர்கள், அந்தக் கொலை எப்படி நடக்கிறது என்று பார்க்க மறுப்பதும் ஒரு பிரமாதம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் நூல்களே இல்லறத்தானுக்கு ஹிம்சையைப் பிரித்துப் பார்க்கின்றன. வேண்டுமென்றே தேடிப்போய்க் கொல்வது சங்கல்பம். அதற்கு இடமே இல்லை, பொழுதுபோக்கு வேட்டை அதில்தான் சேரும். தன்னையும் பிறரையும் காக்க எதிர்த்து நிற்பது விரோதி ஹிம்சை. அதை இல்லறத்தானால் முற்றாக விட முடியாது என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஆட்களைக் கொன்ற யானையையோ புலியையோ சுட்டே ஆக வேண்டிய நாளில், ரைஃபிளை எடுக்கிறவன் எதைக் குழலில் போடுகிறான் என்பது தர்மத்தின் கேள்விதான். கொல்வது என்ற முதல் பாவம் தவிர்க்க முடியாததாக இருக்கலாம். அதை அசட்டையாகச் செய்வது என்ற இரண்டாவது பாவம் எப்போதும் தவிர்க்கக்கூடியது. முதலாவது பெரிது என்பதற்காக இரண்டாவதை அதன் நிழலில் மறைத்துவைக்கக் கூடாது.

இன்னொரு வகைத் தீர்ப்பும் ஜனங்களிடம் உண்டு. இலங்கையில் மேஜர் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி ஆயிரத்து நானூறு யானைகளைக் கொன்றதாகச் சொல்வார்கள். 1845-இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். நுவரெலியாவில் அவருடைய கல்லறை மேலும் இடி விழுந்ததாக ஊரார் சொல்வது தெய்வ தண்டனை என்ற நம்பிக்கையில்தான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வினைக்கு வானத்திலிருந்து யாரும் இறங்கி வர வேண்டியதில்லை என்பதுதான் சமணம். அந்த நசுங்கிய ஈயக்கட்டி என் பெட்டியில் ஐம்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. அதுவே எனக்குப் போதும்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுமாடும் அதன் பாதுகாப்புக்குள் வந்தது. சாலிட்டா சாஃப்ட்டா என்ற கேள்வி நம் நாட்டுக் கடைகளிலிருந்து மறைந்துபோனது. கென்யா 1977-இல் வேட்டையையே தடைசெய்தது. தெற்கு ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் இன்னும் நடக்கிறது. இங்கே ஊருக்குள் வரும் யானையைப் பிடிப்பதானால் இப்போது மயக்க ஊசிதான். அதிலும் எடை பார்க்காமல் மருந்தளவு தீர்மானித்தால் நடப்பது வேறென்ன?

என் மகள் கோவைக்குப் பக்கத்தில் தடாகத்தில் இருக்கிறாள். அவள் வீட்டில் தங்கியிருக்கும்போதுதான் அவுட்டுக்காய் என்ற சொல்லை முதலில் கேட்டேன். வெடிமருந்தையும் கல்துண்டுகளையும் சேர்த்து உருட்டி, மிருகம் விரும்பித் தின்னும் எதிலாவது பொதிந்து, காட்டோரத்து வயலில் வைப்பார்கள். கடித்ததும் வெடிக்கும். காட்டுப்பன்றிக்கு என்று வைப்பது. மாடும் நாயும் யானையும் கடிக்கும். தாடை சிதறிய யானை உடனே சாவதில்லை. பசியோடும் தாகத்தோடும் நாள்கணக்காக நடக்கிறது. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வெள்ளியாற்றில் இறங்கி நின்று செத்த கர்ப்பிணி யானையை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். வெடிப்பொருளைக் கடித்து வாய் சிதைந்து, ஏறத்தாழ இரண்டு வாரம் ஒன்றும் தின்ன முடியாமல் அலைந்த உயிர் அது. வைத்தவர்கள் அந்த யானைமேல் பகை கொண்டவர்கள் இல்லை. பன்றிக்கு இதுவே போதும் என்று நினைத்தவர்கள்.

பயிரை இழந்த விவசாயியின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும், அதைப் பாவம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அடிவாரத்து ஊர்களில் இருக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பக்கத்தில் யாராவது அவுட்டுக்காய் உருட்டுவதைப் பார்த்தால், பன்றிக்குத்தானே என்று கடந்து போகாதீர்கள். அன்றைக்கே, இருட்டுவதற்குள், வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.